மரகதம் பாடாமல் விட்ட வரி

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை. மூன்றாம் நாள். ஹாஸ்டல் பிள்ளைகளின் சாக்ஸ் ஒன்றுகூடக் காயவில்லை. மியூசிக் ரூம் ஹீட்டரைச் சுற்றி வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அறை முழுக்க ஈரக் கம்பளி வாசம். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அமுங்கினால் எழுவதில்லை.

செய்ய வேண்டியவை: ஆர்மோனியம் ரிப்பேர்க்காரருக்குப் போன். ஏழாம் வகுப்பு மதிப்பெண். வீட்டில் இவருக்கு இருமல் மருந்து.

மத்தியானம் ஒரு போன். தெரியாத நம்பர்.

"பியூலா டீச்சருங்களா? நான் ரெக்ஸ் பேசறனுங்க, குன்னூர்ல இருந்து. மரகதத்துக்குக் கீபோர்டு வாசிச்சவன்."

உட்கார்ந்துவிட்டேன். மரகதம் போய் ஒரு மாதம் ஆகிறது. பெங்களூரில், கிட்னி கெட்டு. பேப்பரில் உள்பக்கத்தில் போட்டோ வந்திருந்தது. 'சோல்' என்கிற அமெரிக்கப் பாணியில் தமிழில் பாட்டு எழுதிப் பாடியவர், நீலகிரி எஸ்டேட்டில் பிறந்தவர் என்று நான்கு பத்தி. அன்று அந்தப் பேப்பரை மடித்து அலமாரிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

23ஆம் தேதி ஊட்டியில் நினைவுக் கூட்டமாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வந்து அவருடைய 'கோப்பை' பாட்டைப் பாட வேண்டுமாம்.

"நீங்க இல்லீன்னா அந்தப் பாட்டு இன்னைக்கு யாருக்குங்க தெரியும்? உங்க பிள்ளைக பாடித்தானுங்க மறுபடியும் உசுரு வந்துச்சு. மரகதம் இருந்திருந்தா அவளே கூப்பிட்டிருப்பா. அவளுக்குப் பதிலா நான் நன்றி சொல்றனுங்க."

சரி என்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அங்கயும் மழைங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாரல். காலையில் பத்து நிமிடம் வெயில், அதற்குள் வார்டன் எல்லாத் துணியையும் வெளியே போட்டு, உள்ளே எடுத்து.

முதல் பயிற்சி. நாற்பது பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் போனில் பார்த்தது. மூன்றாவது சரணம் வந்ததும் அத்தனை பேரும் வலது கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார்கள், கையில் மைக் இருப்பது போல. மரகதம் மேடையில் செய்தது. இப்போது வருகிற இளம் பாடகர்கள் எல்லோருமே செய்கிறார்கள். எந்தப் பாட்டானாலும் உச்சம் வந்தால் மைக் வெளியே.

ஊரெல்லாம் பாடுகிற அந்த இரண்டு வரி:

அம்மா காலில் பனியில் நனைந்த ஈரம்
அதுவும் சேர்ந்துதான் கோப்பையில் இனிப்பு

ஸ்டாஃப் ரூமில் டீ, வர்க்கி பிஸ்கட். டீத்தூள் பாக்கெட்டின் மேல் இரண்டாவது வரி தங்க எழுத்தில். டூரிஸ்ட்டுகளுக்கு விற்பது.

மரகதம் எழுதியது இது அல்ல. இந்த நோட்டிலாவது சரியாக இருக்கட்டும்:

அம்மா காலில் அட்டை கடித்த ரத்தம்
அதுவும் சேர்ந்துதான் கோப்பையில் சிவப்பு

கூடலூர்ப் பக்கம் கொழுந்து பறித்த தன் அம்மாவைப் பற்றி, அம்மா இறந்த வருடம் எழுதியது. ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிறப்பு விருந்தினர் ஒரு எஸ்டேட் முதலாளி. அப்போதைய பிரின்சிபால் சாலமன் சார் அந்த வரிகளை மாற்றச் சொன்னார், மாற்றினேன். யாரோ எடுத்த வீடியோ ஊர் உலகமெல்லாம் போனது. அதற்கு நான் என்ன செய்ய?

இவர் இருமல் மருந்து குடிக்க மாட்டேன் என்கிறார். கசக்கிறதாம். ஐம்பத்தாறு வயது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று. கிரவுண்டு ஓரத்தில் ஒரு யூகலிப்டஸ் கிளை முறிந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை.

ரெக்ஸ் பள்ளிக்கே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். ஒல்லி. மழைக்கோட்டைக் கழற்றாமலே ஆர்மோனியத்தின் எழாத கட்டைகளைப் பேனாக் கத்தியால் நெம்பிச் சரிசெய்தார். பிறகு மரகதம் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம், அதற்காக. குறித்துக்கொண்டது:

- அப்பா அம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்.
- பதினெட்டு வயதில் ஊட்டியில் ஒரு ஹோட்டலில் பெட்ஷீட் மடிக்கிற வேலை. அந்த ஹோட்டல் பேண்டில் ரெக்ஸ். பேண்ட் ஒத்திகை பார்க்கும்போது மரகதம் மாடியில் மடித்துக்கொண்டே கூடப் பாடுவாராம், வார்த்தை தெரியாமல்.
- அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டு ரிக்கார்டுகள். ஒரு வருடம் கேட்டுவிட்டு, "இதைத் தமிழ்ல அழுதா என்ன?" என்று கேட்டாராம். பாடினால் என்ன என்று அல்ல, அழுதால் என்ன.
- பெங்களூர். மூன்று கேசட். எல்லாப் பாட்டும் தானே எழுதியது. நல்ல பெயர், கொஞ்ச காலம்.
- பிறகு ஒன்றுமில்லை. கல்யாண வரவேற்பில் மற்றவர்களின் பாட்டு. நான்கு வருடம் அதுவும் இல்லை.
- எங்கள் பிள்ளைகளின் வீடியோ. மறுபடி கச்சேரிகள்.

"சோல்னா என்னங்க, எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"சாமி கும்பிடற மாதிரி ஆரம்பிச்சு, சாமிகிட்டயே சண்டை போடற மாதிரி முடியோணும். அவ சொன்னதுங்க. இன்னைக்குத் தமிழ்ல அப்படிப் பாடற பசங்க இருபது பேராச்சும் இருப்பாங்க. எல்லாம் அவகிட்ட இருந்து எடுத்ததுதான். கடைசி எழுத்தை உடைச்சு விடறது, மூச்சு கேக்கற மாதிரி பாடறது, மைக்கை நீட்டறது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மைக் நீட்டறது இருக்குதுங்களே. மாத்தின வரியை அவ ஒருநாளும் பாடினதில்லீங்க டீச்சர். உங்க வீடியோ வந்ததுக்கப்புறம் ஜனங்க அதைத்தான் பாடினாங்க. இவ பழசை ஆரம்பிச்சா கூட்டம் மேல ஏறிப் பாடிரும். ரெண்டு கச்சேரி பார்த்தா. மூணாவதுல மைக்கை அவங்க பக்கம் நீட்டிட்டு வாயை மூடிக்கிட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் ஸ்டைலுன்னுதாங்க நெனச்சேன். ஆஸ்பத்திரில இருக்கறப்பதான் சொன்னா, 'அது என் வாயில வராதுடா'ன்னு."

நான் குறிப்பு எழுதுவதை நிறுத்தினேன்.

"குழந்தைகளுக்காக அவளே மாத்திக் குடுத்ததா பேப்பர்ல வந்துச்சுங்களே. கேட்டா 'ஆமா, விடு'ம்பா. தானே மாத்திட்டு ஏன் பாட மாட்டேன்னா? அதுதாங்க எனக்கு விளங்கல. மாத்திக் குடுக்கறப்ப உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"ஞாபகமில்லைங்க" என்றேன்.

மரகதத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வீடியோ பரவிய நாட்களில் ஒரு பேப்பர் நிருபர் போன் செய்து வரி ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டபோது, பாடகியே பிள்ளைகளுக்காக மாற்றிக் கொடுத்தார் என்று சொன்னது நான். வாயில் வந்தது, சொன்னேன். அரை நிமிடம் ஆகியிருக்காது.

ரெக்ஸ் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூடுபனி. சர்ச்சுக்குப் போகும் வழியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சாலமன் சார். ரிட்டயர் ஆகி கேத்தியில் கேரட் போடுகிறார். கையில் எங்களுக்கென்று ஒரு பை கேரட், மண்ணோடு. இவர் குடை எடுக்க உள்ளே போயிருந்தார்.

"மரகதம் போயிட்டாங்களே, பார்த்தீங்களா பியூலா?"

"ஆமாங்க சார்."

"ரொம்ப நாளாக் கேட்கோணும்னு இருந்தேன். அன்னைக்கு ஆண்டு விழாவுல அந்த அட்டை வரியை ஏன் மாத்தினீங்க? எனக்குப் பிடிச்சதே அந்த வரிதான். அன்னைக்கு விருந்தாளிகளோட இருந்தேன், அப்புறம் மறந்தே போச்சு."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிள்ளைகள், ரத்தம், என்னவோ. சார் தலையை ஆட்டிக்கொண்டார். கேரட்டைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொன்னார்.

5ஆம் தேதி இங்கே எழுதியது பொய். சாலமன் சார் மாற்றச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பூட்டி வைக்கிற நோட்டில்கூட இதை எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடமாக இவரிடமும் ஸ்டாஃப் ரூமிலும் சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டது.

நடந்தது: விழாவுக்கு இரண்டு நாள் முன். மியூசிக் ரூமில் நான் மட்டும். அழைப்பிதழில் விருந்தினர் பெயரைப் பார்த்தேன். அந்த வருடம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. எஸ்டேட் முதலாளி முன்னால் அட்டையும் ரத்தமும் பாடினால் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று பயம். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வெள்ளை ஃபிராக் போட்டு அழகாக நிற்கிற பிள்ளைகள் வாயில் அது எதற்கு என்று அருவருப்பாக இருந்தது. பென்சிலால் அடித்துவிட்டு மேலே எழுதினேன். ஐந்து நிமிடம். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை விட்டுவிட்டு. கேரட் பொரியல்.

சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சாலமன் சார் பெயரை இத்தனை வருடம் இழுத்தது உட்பட. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அட விடு புள்ள. நீ மாத்தினதாலதான அந்தம்மாவுக்கு மறுபடியும் கச்சேரி கிடைச்சுது? அட்டை, ரத்தம்னு இருந்திருந்தா எவன் பார்த்திருப்பான்? நல்லதுதான பண்ணியிருக்கே."

இது எனக்கும் தோன்றாமல் இல்லை. எத்தனையோ தடவை தோன்றி, அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். வேறொருவர் வாயில் கேட்டபோது பிடிக்கவில்லை.

"சாலமன் சாரை நெனச்சாத்தான் சங்கடமா இருக்குது. அந்த மனுசனைப் பத்தி நானே நாலு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் பிறகு. மருந்தை நான் சொல்லாமலே எடுத்துக் குடித்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை 8 கொடியேற்றம், மிட்டாய், நாட்டுப்பண். 9.30க்குக் கூடலூர் பஸ். மரகதத்தின் தங்கை செல்வி அந்த எஸ்டேட்டில் இன்னும் கொழுந்து பறிப்பதாக ரெக்ஸ் சொல்லியிருந்தார். இன்று அங்கே லீவாக இருக்கும் என்று கணக்கு.

நடுவட்டம் வரை மூடுபனி, அதற்குக் கீழே அடைமழை. கூடலூரில் ஜீப் பிடித்து, அப்புறம் நடை. கால் வைத்த இடமெல்லாம் சேறு. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மூன்றாவது கதவு. கொடியில் முழங்கால் வரை வருகிற துணிச் சாக்ஸ் இரண்டு ஜோடி தொங்கியது. அட்டைக்குப் போடுவது.

ஐம்பது வயதுக்காரி. அக்காவின் அதே அகன்ற முகம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டியில இருந்து வர்றேங்க. பியூலா. ஸ்கூல்ல பாட்டு டீச்சர்."

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அட்டையை எடுத்துப் போட்ட டீச்சரா?"

ஆமாம் என்றேன். உள்ளே வரச் சொன்னாள். ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். பேப்பருக்குச் சொன்ன பொய், ரெக்ஸிடம் சொன்ன பொய். முறத்தில் செல்வியின் கை போய்க்கொண்டிருந்தது.

"அக்காவுக்குத் தெரியும் டீச்சர். பேப்பர்ல வந்த அன்னைக்கே போன் பண்ணிச்சு. 'நான் மாத்தினேனாம்டி'ன்னு சொல்லிச் சிரிச்சிச்சு. பேப்பர்காரனைக் கூப்பிட்டு இல்லன்னு சொல்லுன்னு நான் சொன்னேன். ரெண்டு நாள் யோசிச்சிட்டு மறுபடி கூப்பிட்டிச்சு. 'நாலு வருசமாக் கச்சேரி இல்ல, இப்பத்தான் கூப்பிடறாங்க. ரெக்ஸ் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கான். டிரம்ஸ் அடிக்கிறவன் ஆட்டோ ஓட்டறான். நான் வாயத் தொறந்தா எல்லாம் நின்னு போயிரும்டி. விடு'ன்னுச்சு."

"நீங்க..."

"நான் விடல. ஆறு மாசம் அக்காகூடப் பேசல. அது எங்கம்மா கால். அக்கா காலும் இல்ல, உங்க காலும் இல்ல. அதை அழிக்கிறதுக்கு அக்காவே ஒத்துக்கிட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அம்மாவும் இல்ல, அக்காவும் இல்ல. நான் மன்னிச்சேன்னு சொன்னா நீங்க நிம்மதியா பஸ் ஏறிப் போயிருவீங்க." கோபமாகச் சொல்லவில்லை. வேலைப் பேச்சு போலச் சொன்னாள். "கூட்டத்துக்குச் சனம் வரும்ல? அங்க மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க. நான் உக்காந்து கேக்கறேன். இப்பத் தேத்தண்ணி குடிங்க."

பால் இல்லாத டீ, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. குடித்தேன். ஜீப் நிற்கிற இடம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் பேச்சு: ஊட்டியில் உருளைக்கிழங்கு என்ன விலை, என் பெண் எங்கே வேலை பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 16, சனி

கால் வலி. எழுதப் பிடிக்கவில்லை.

கூட்டத்துக்குப் போகாமல் இருக்க என்னென்ன வழி என்று யோசித்தேன். காய்ச்சல். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று கோயம்புத்தூர் போவது. பள்ளி அனுமதி தரவில்லை என்று சொல்வது. மூன்றாவதற்கு மறுபடியும் இன்னொருவர் பெயர் தேவைப்படுகிறது என்று உறைத்ததும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். அதிசயம். எல்லா ஜன்னலும் திறந்தோம்.

பிள்ளைகளிடம் மரகதம் எழுதிய வரிகளைப் போர்டில் எழுதிக் காட்டினேன். "ஐய்ய, அட்டையா மிஸ்?" ஒரே சிரிப்பு. பின்வரிசை காலைத் தூக்கிக் குதித்தது.

எட்டாம் வகுப்பு மோனிஷா: "இது சோகமா இருக்கு மிஸ். பழைய லைனே நல்லா இருக்கு."

பழைய லைன்! அவளுக்கு நான் எழுதியதுதான் பழையது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பாட்டு. இதுதான் முதலில் எழுதியது, அதை நான்தான் மாற்றினேன், அது தப்பு என்றேன். சிரிப்பு நின்றது. டீச்சர் தப்பு என்று சொன்னால் பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்க்கிறார்கள்.

'ரத்தம்' சரியாக வரவில்லை. 'ஈரம்' நீண்டு வழுக்கிப் போகும். 'ரத்தம்' இடையில் தடுக்கி நிற்கிறது. ஐந்து முறை பாடியும் பாதிப் பேர் பழக்கத்தில் ஈரத்துக்கே போகிறார்கள்.

மாலை ரெக்ஸுக்குப் போன் செய்தேன். கூட்டத்துக்கு முன் அவருக்காவது தெரிய வேண்டும். சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ரேடியோவை அணைத்தார்.

"அன்னைக்கு ஸ்கூல்ல நான் கேட்டனுங்களே டீச்சர்."

"ஆமாங்க."

"ஞாபகமில்லைன்னீங்க."

"ஆமாங்க."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

மழை இல்லை. குளிர். ஹால் நிறைந்துவிட்டது, ஓரத்தில் நின்றுகொண்டும் ஆட்கள். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து இளம் பாடகர்கள். பச்சை முடி ஒருத்தி. எல்லோரும் மரகதம் பாட்டு ஒவ்வொன்று பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். உச்சம் வந்ததும் மைக் வெளியே, ஆளாளுக்கு. ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். மரகதம் போட்டோ. கீழே என் வரி. முன்பே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள் போல.

ரெக்ஸ் என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டு வயர்களையே சரிசெய்துகொண்டிருந்தார். செல்வி இரண்டாவது வரிசை, ஓரம், நீலப் புடவை.

என் முறை. எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். தாள் இல்லாமல் சொன்னேன்.

"பேனர்ல இருக்கற வரி மரகதம் எழுதினது இல்லைங்க. நான் எழுதினது. என் வேலைக்காகப் பயந்து, யாரும் கேட்காமலே மாத்தினேன். அவங்களே மாத்தினாங்கன்னு பேப்பருக்குப் பொய் சொன்னதும் நான்தான். அந்த வரி வரும்போது அவங்க மைக்கை நீட்டினது உங்களைப் பாடச் சொல்லி இல்லைங்க. அதைப் பாட அவங்களுக்கு வாய் வரலை. அவங்க எழுதினதை இப்பப் பிள்ளைங்க பாடுவாங்க."

கை தட்டினார்கள்! முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுகூட. திட்டுவார்கள் என்று நினைத்துப் போன எனக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் பாடினார்கள். ரெக்ஸ் வாசித்தார், கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாவது சரணம். பிள்ளைகள் நாற்பது பேரும் 'ரத்தம்' என்று சரியாகப் பிடித்தார்கள். ஆனால் ஹாலில் இருந்தவர்கள் கூடப் பாட ஆரம்பித்திருந்தார்கள். முந்நூறு தொண்டை. ஈரம், இனிப்பு. இரண்டு நிமிடம் முன்பு நான் சொன்னதற்குக் கை தட்டினவர்களேதான். பழக்கம். பிள்ளைகளின் குரல் கேட்கவே இல்லை. மோனிஷா மட்டும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது தெரிந்தது.

செல்வி பாடவில்லை. கை கட்டி உட்கார்ந்திருந்தாள். டீ கொடுப்பதற்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

போனில் செய்திகள். பெரிய மனசு டீச்சர். உங்களை மாதிரி யார் ஒத்துக்குவாங்க? கண்ணீர் விடுகிற பொம்மைகள். நான் பேசியது வீடியோவாகச் சுற்றுகிறதாம். இவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசியிருக்கே" என்றார். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

தப்பு செய்ததிலும் பேர். தப்பை ஒத்துக்கொண்டதிலும் பேர். இரண்டு தடவையும் மரகதத்தின் பாட்டை வைத்துத்தான்.

மாலை கேத்திக்குப் போனோம், இரண்டு பேரும். சாலமன் சார் தோட்டத்தில் இருந்தார். வரப்பில் நின்றே சொன்னேன். அவர் பெயரை இத்தனை வருடம் பயன்படுத்தியதை. கேட்டுவிட்டு, "அப்படிங்களா" என்றார். அவ்வளவுதான். டீ குடிக்கச் சொல்லவில்லை. சரியென்றுதான் பட்டது. எல்லோரும் பாராட்டிய இந்த இரண்டு நாளில் யாரும் செய்யாததை அவர் செய்தார்.

ஆகஸ்ட் 27, புதன்

மறுபடி மழை. ஏழாம் வகுப்பு மதிப்பெண் ஒருவழியாக முடிந்தது.

இப்போதைய பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்திருக்கிறார். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். "அன்றைய சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கினேன். கிழித்தேன். "நான்" என்று தொடங்கி நான்கு வரி. கையெழுத்து. கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ, தெரியவில்லை. செய்யட்டும்.

மாலை ரெக்ஸிடமிருந்து செய்தி. வணக்கம்கூட இல்லை. "சனி 11 மணி. உங்க மியூசிக் ரூம். பிள்ளைக பாடறதை ரெக்கார்டு பண்ணோணும், எழுதின வரியோட. கூட்டம் இருக்கக் கூடாது. செல்வி வரும்."

மேடத்திடம் அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் தூறல், பத்து மணிக்கு நின்றது. மழைச் சத்தம் விழாமல் இருக்க ஜன்னல் இடுக்கில் எல்லாம் போர்வை அடைத்தோம். சாக்ஸை எல்லாம் எடுத்து வேறு அறையில் போட்டாயிற்று.

ரெக்ஸ் கொண்டுவந்தது இரண்டு மைக், ஒரு சின்ன ரெக்கார்டிங் பெட்டி, கீபோர்டு. மோனிஷாவைக் காட்டி, "அந்தப் பொண்ணு இன்னும் ஒரு அடி முன்னால நிக்கட்டும்" என்று மட்டும் என்னிடம் பேசினார்.

செல்வி பதினொன்றரைக்கு வந்தாள். பஸ் லேட். அதே நீலப் புடவை, மேலே ஸ்வெட்டர். பிள்ளைகளுக்கு யார் என்று சொன்னேன். பாட்டில் வருகிற அம்மாவின் மகள் என்றதும் எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நாலாம் வகுப்பு ஆதிரா கை தூக்கினாள். "அட்டை கடிச்சா வலிக்குமா ஆன்ட்டி?"

நான் அதட்டப் போனேன். செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வலிக்காது பாப்பா. கடிக்கிறப்பத் தெரியவே தெரியாது. அது குடிச்சிட்டு விழுந்ததுக்கு அப்புறம்தான் ரத்தம் வரும். நிக்காது. காலெல்லாம் ஒழுகும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? பறிச்சிக்கிட்டே இருப்போம். கூடை நெறையணும்ல."

ரெக்ஸ் பட்டனை அழுத்திவிட்டுக் கையை உயர்த்தினார். நான் எண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது சரணத்தில் யாரும் கையை நீட்டவில்லை.